கரையானுக்குத் தடை

“த்தூ! கரையான் மறுபடியும் அரிச்சிடுச்சு தம்பி. இந்தத் தடவை என்னையே அரிச்சிடுச்சு!”

கல்லூரி நூலகத்தின் பின்னறையிலிருந்து நூலகர் அம்மாள் இப்படிக் கத்தியதும், துப்புரவுக்காரர் பூச்சி மருந்தோடு ஓடி வந்தார். அரித்தது புத்தகத்தை இல்லை, இணையத்தில் ஒரு பக்கத்தை என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று.

அம்மாளின் கொழுந்தனும் அவன் நண்பர்களும் சேர்ந்து ஒரு மென்பொருள் எழுதியிருந்தார்கள். சின்ன மருத்துவமனைகள் நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்துவைக்க உதவுவது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். எழுதியவர்களுக்கு எழுதத்தான் தெரியும். எதை எங்கே எடுப்பது, எப்படி நிறுவுவது, சிக்கிக்கொண்டால் யாரைக் கேட்பது என்று ஊருக்குப் புரிகிற மாதிரி இணையத்தில் பக்கம் பக்கமாக அடுக்கிவைத்தது அம்மாள்தான். மென்பொருளைப் போலவே அந்தப் பக்கங்களையும் யார் வேண்டுமானாலும் திருத்தலாம். ஆறு வருடமாகச் சம்பளமில்லாத உழைப்பு.

அதிலும் ‘உதவிக்கு அழைக்க’ என்கிற பக்கம் அவருக்குப் பெற்ற பிள்ளை மாதிரி. பதினான்கு பெயர்கள், பதினான்கு தொலைபேசி எண்கள். முதல் பெயர் அவருடையது. ‘எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம்’ என்று பக்கத்திலேயே எழுதியும் வைத்திருந்தார்.

மூன்று வாரமாக முகம் தெரியாத ஒருவன் அதற்குள் புகுந்து பெயர்களை அழித்துக்கொண்டிருந்தான். அம்மாள் திரும்பப் போடுவார், அவன் திரும்ப அழிப்பான். ஏன் அழித்தோம் என்று எழுத அங்கே ஒரு பெட்டி உண்டு; அதில் ஒரு எழுத்துகூட எழுதியதில்லை. கரையான் என்பது அம்மாள் அவனுக்கு வைத்த பெயர்.

“சோத்துல முடி கிடந்தா எப்படி இருக்கும்? அந்தப் பக்கத்தைத் திறந்தா அப்படித்தான் இருக்கு. குமட்டுது!”

“மத்த பக்கம் எதையும் அந்த ஆள் தொடலையே அண்ணி,” என்றான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கொழுந்தன்.

“தொட்டுத்தான் பாக்கட்டுமே!”

“அது சரி, டாக்டர் ஐயா பேரை ஏன் திரும்பத் திரும்பப் போடறீங்க? அவர் தவறி ரெண்டு வருஷம் ஆச்சே?”

“அதனால? இந்த வேலையை ஆரம்பிச்சு வச்ச மனுஷன். செத்தா பேரைத் தூக்கிடறதா? நன்றின்னு ஒண்ணு வேணாமா?”

அண்ணியோடு வாதாடி ஜெயித்தவர் அந்தக் குடும்பத்தில் இன்னும் பிறக்கவில்லை.

மதியம் இரண்டு மணிக்கு, அந்தப் பக்கங்களைப் பார்த்துக்கொள்ளும் குழுவின் ஐந்து பேரும் அதே அறையில் கூடினார்கள். கரையானை நிரந்தரமாகத் தடை செய்வது என்று முக்கால்வாசி முடிவாகிவிட்டது. ஆனால் தடைக்கு முன்னால் அந்த ஆளை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று விதி இருந்தது, அதை எழுதியவரும் அம்மாள்தான். செய்தி அனுப்பியதற்கு, ‘நேரிலேயே வருகிறேன்’ என்று ஒரே வரியில் பதில் வந்திருந்தது.

வந்தவரைப் பார்த்ததும் எல்லோருக்கும் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர், சட்டைப் பையில் மைக்கறை. ஏதோ ஒரு சின்ன மருத்துவமனையில் சீட்டு எழுதுகிறவராம். அம்மாள் அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

“உங்களுக்கு வெக்கமா இல்ல? அடுத்தவங்க உழைப்பை அழிக்கறதுல அப்படி என்ன சுகம்? உங்களைப் பாக்கவே எனக்கு அருவருப்பா இருக்கு.”

அவர் தரையைப் பார்த்தபடியே பேசினார். “மூணு வாரத்துக்கு முன்னாடி ஒருநாள் காலையில எங்க கம்ப்யூட்டர் அப்படியே நின்னுபோச்சும்மா. யாரோட விவரமும் திறக்கல. அப்போ தூக்கிட்டு வந்த ஒரு குழந்தைக்கு எந்த மருந்து ஒத்துக்காதுங்கறது அதுக்குள்ளதான் இருக்கு. உங்க பக்கத்துல இருக்கற நம்பருக்கெல்லாம் அடிச்சேன், அன்னிக்கு உதவ ஒருத்தரும் கிடைக்கல.”

“குழந்தை?” என்றான் கொழுந்தன்.

“பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டு ஓடினாங்க. பொழைச்சுக்கிச்சு தம்பி. கம்ப்யூட்டரையும் மறுநாள் எப்படியோ சரி பண்ணிட்டோம். ஆனா எனக்கு மனசு ஆறல. தினமும் ஒவ்வொரு நம்பரா கூப்பிட்டுப் பார்த்தேன். டாக்டர் நம்பரை அவர் சம்சாரம் எடுத்தாங்க. அவர் போயிட்டாருன்னு இன்னும் எத்தனை பேருக்குத்தான் சொல்லுவேன்னு அழுதாங்க. இன்னொரு நம்பர் இப்போ லாரி ஷெட்டு. மிச்சத்துல பாதி பேர் எடுக்கவே இல்ல. அதையெல்லாம் அழிச்சேன். அடுத்து மாட்டிக்கிட்டு முழிக்கிறவனுக்கு நேரமாவது மிஞ்சட்டுமேன்னுதான்.”

“இதை அந்தப் பெட்டியில எழுதியிருக்கலாமே?”

“அது எதுக்குன்னு எனக்குத் தெரியல தம்பி. காலியா விட்டாலும் ஏத்துக்கிச்சு.”

குழுவில் நான்கு பேர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மாள் மட்டும் விடுவதாக இல்லை. ஆறு வருட உழைப்பும் அதில் சம்பாதித்த நல்ல பெயரும் இந்த மைக்கறை ஆள் முன்னால் போய்விடும்போல் இருந்தது.

“சரி, செத்தவங்க, நம்பர் மாத்தினவங்க எல்லாம் போகட்டும். என் பேரை எதுக்கு அழிச்சீங்க? நான்தான் குத்துக்கல்லாட்டம் இங்க இருக்கேனே?”

அவர் முதல் முறையாக நிமிர்ந்து அம்மாளைப் பார்த்தார்.

“உங்களைத்தாம்மா முதல்ல கூப்பிட்டேன். நேத்து வரைக்கும் கூப்பிட்டேன்.”