லென்ஸுக்கு அடியில் ஒரு கறுப்பு

ராஜமேரியின் மூக்கோரத்தில் மிளகளவு கறுப்பு இருக்கிறது. மரு என்று நினைத்து இத்தனை நாளும் தீக்குச்சி முனையால் அதில் சுண்ணாம்பு வைத்து வந்திருக்கிறாள். தருமபுரியின் தோல் மருத்துவர் மணிமேகலை அந்த வெள்ளையை ஈரப் பஞ்சால் துடைக்கிறார். "இது கேன்சராத்தான் இருக்கும்னு தோணுதுங்க. வெளிய பாத்தா ரெண்டு வகை ஒரே மாதிரி இருக்கும். ஒண்ணு உடம்பெல்லாம் பரவும். இன்னொண்ணு இருந்த இடத்துலயே மெதுவா வளரும்." விளக்கு பொருத்திய சிறிய லென்ஸைத் தோலில் வைக்கிறார். வெளியே பென்னாகரம் பஸ் ஹாரன் அடிக்கிறது. லென்ஸோடு இணைத்த கணினித் திரையில் பெரிதாகத் தெரியும் கறுப்பு, இப்போது கறுப்பாக இல்லை. சாம்பல் கலந்த நீல உருண்டைகள், விளிம்பில் பழுப்பு இலைகள், நடுவே இலையுதிர்ந்த மரங்கள்போலக் கிளைவிடும் சிவப்பு ரத்த நாளங்கள். கணவன் சவரி அவளுடைய நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்தபடி நிற்கிறான். லென்ஸ் மெதுவாக ஓரங்களைச் சுற்றி வருகிறது. "பரவுற வகைன்னா வலை பின்னின மாதிரி கோடு இருக்கும். இங்க எங்கயும் இல்ல. சதை எடுத்து டெஸ்ட்ல உறுதி பண்ணிட்டு வெட்டி எடுத்துடலாம்." சவரியின் விரல்கள் தளர்கின்றன. "எடத்த வுட்டு நகராதுங்களா? அப்ப இவளாட்டந்தான். கட்டிக்கிட்டு வந்ததுல இருந்து, இன்னிக்கு இங்க வர்ற வரைக்கும் பென்னாகரத்தத் தாண்டுனதில்ல."

"தாண்ட வுட்டீங்களாக்கும்" என்கிறாள் ராஜமேரி, முகத்தைத் திருப்பாமல். லென்ஸ் இன்னும் அவள் தோலில்தான் இருக்கிறது. அடக்கியும் அடங்காமல் சிரிப்பு கன்னத்தை அசைக்க, திரையில் அந்தச் சிவப்பு மரங்கள் எல்லாம் காற்று வந்ததுபோல ஒரே நேரத்தில் ஆடுகின்றன.