மங்களம் பாடாத நாடா

பாடகர் அருளம்பலம் கண்டிக் கச்சேரியில் மங்களம் பாடுமுன்பே மேடையில் இறந்துபோனார். அந்தக் கச்சேரியின் ஒலிநாடா எங்கள் பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அட்டையில் நாற்பது நிமிடம் என்றிருந்தது. ஒவ்வொரு வருடச் சரிபார்ப்பிலும் பாட்டு இரண்டு நிமிடம் நீண்டிருக்கும். அடித்து எழுதி எனக்கு அலுத்துவிட்டது.

அன்று மிருதங்கம் வாசித்த மகேந்திரராசா ஐயா, மாதாமாதம் பஸ் பிடித்துப் பேராதனைக்கு வருவார். அவருடைய மிருதங்கமும் இங்கேதான், பூட்டிய கண்ணாடிப் பெட்டியில்.

இன்றும் வந்து கதிரையில் சாய்ந்தார்.

"மங்களம் பாடிட்டாரோ, பிள்ளை?"

"இன்னும் இல்லை, ஐயா."

"அவர் முடிக்காமல் நான் எப்பிடிக் கையை எடுக்கிறது?"

வருகைப் புத்தகத்தை இடது கையால் அழுத்திக் கையெழுத்து வைத்துவிட்டுப் போனார். தாளில் அவர் கை பட்ட இடத்தில், வாசிக்குமுன் மிருதங்கத்தின் இடப்பக்கம் பூசும் ரவைப் பசை, காயாமல் ஒட்டியிருந்தது.