ராஜாவின் ஜன்னல்

பிள்ளைப்பாக்கத்தில் வாடகைக்கு இருந்த முத்துச்செல்வி, ஷிப்ட் முடிந்து வந்ததும் வீட்டுக்கார ஜெயலட்சுமியிடம் கேட்டேவிட்டாள்.

“எம் பூனையைக் கண்டாலே எதுக்குக்கா கம்பெடுத்து விரட்டுதீங்க? உங்க பூனை ராஜாகூட விளையாடத்தானே வருது? வாடகைக்கு இருக்கவ பூனைன்னா எளக்காரமா?”

ஜெயலட்சுமி ஜன்னலைச் சாத்தினாள். உள்ளே ராஜா ஏக்கத்தோடு கத்தியது.

“ராஜாவை மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போயிருந்தேன் கண்ணு. ரத்தப் புத்துநோய் உண்டாக்குற கிருமி கீதாம். மனுசங்களுக்கு ஒட்டாது. எச்சில் பட்டா இன்னொரு பூனைக்கு ஒட்டிக்குமாம். உன்னுதாவது நல்லா இருக்கட்டும்னுதான் விரட்டறேன்.”

முத்துச்செல்வி தன் பூனையைத் தூக்கிப்போய் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்தாள்.

“போறப்ப கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கிடுதேன். ராஜாவை நான் கொஞ்ச நேரம் மடியில வச்சுக்கிடட்டுமாக்கா?”