ஜன்னலில் இல்லாத பூச்சாடி

அஹுன்ட்சிக் நகர்ப்பகுதியில் காலையிலிருந்தே பனி தூவிக்கொண்டிருக்கிறது. ஏழு மாத வயிற்றோடு நிரோஜா தெருவில் நின்று மேல்மாடி ஜன்னலை அண்ணாந்து பார்க்கிறாள். சிவப்புப் பூச்சாடியைக் காணவில்லை. அவள் பராமரிக்கும் மதாம் சொலாஞ்சுக்கு நூறு வயது தாண்டிவிட்டது. பிரான்சில் ஜெர்மன்காரருக்குத் தெரியாமல் இரகசியச் செய்தி காவியவர்; பிறகு பௌதிகம் படித்துக் கருவிகள் கண்டுபிடித்தவர். ஜன்னலில் சாடி இருந்தால் வரலாம், இல்லாவிட்டால் ஆபத்து, திரும்பிப் போய்விட வேண்டும். போர்க்காலத்து அந்த ஒழுங்குதான் நிரோஜாவுக்கும். மூன்று வருடத்தில் சாடி ஒருநாளும் தவறியதில்லை.

நிரோஜா கைப்பிடியை இறுக்கிக்கொண்டு இரும்புப் படிகளில் ஏறி, தன்னிடமுள்ள திறப்பால் கதவைத் திறக்கிறாள். ஜன்னலோரக் கட்டிலில் மதாம் சுருண்டு கிடக்கிறார். பக்கத்து மேசையில் சாடி இருக்கிறது. அதனருகே அவர் தானே செய்த வெப்பமானி காய்ச்சல் முப்பத்தொன்பது பாகை என்று பச்சையாக மினுங்குகிறது. காலடி கேட்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறார். பிரெஞ்சில்தான் கதைக்கிறார், நிரோஜாவின் காதில் அது யாழ்ப்பாணத் தமிழாகவே விழுகிறது.

“வயித்துப் பிள்ளைக்குத் தொத்தப்போகுது. சாடி இல்லாததைக் காணேல்லையோ?”

“கண்டனான், மதாம்.”

“பிறகேன் வந்தனீர்?”

“கண்டபடியால்தான் வந்தனான்.”

முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு நிரோஜா கட்டில் விளிம்பில் உட்காருகிறாள். மதாம் திரும்பவில்லை; ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டுகிறார். அதைப் பற்றிக்கொண்டு, மற்றக் கையால் நிரோஜா சாடியைத் தூக்கி ஜன்னலில் வைக்கிறாள்.

“அந்த நாளெண்டா உம்மை வேலையால நிப்பாட்டியிருப்பம்” என்கிறார் மதாம், சுவரைப் பார்த்தபடி. பிடித்த கையை விடவில்லை.