புள்ளிக்கு முன்னால் ஒரு பூஜ்யம்

கணினி நிரலைத் துண்டு துண்டாகப் பிரித்து, எது சொல், எது எண் என்று கண்டுபிடிக்கும் பகுதியை நான் எழுதினேன். அதைச் சோதிக்க மாதிரி நிரல்கள் எழுதியவன், அதே அலுவலகத்தில் இருந்த என் தம்பி. அரை என்பதை அவன் .5 என்றே எழுதுவான். புள்ளியில் தொடங்குவதை என் பகுதி எண்ணாக ஏற்காது; 0.5 என்றுதான் வேண்டும். பிழை என்று நின்றுவிடும்.

“பூஜ்யத்தை எதுக்குக்கா வாசல்ல காவலுக்கு நிறுத்துற? நாலு வரி சேர்த்தா முடிஞ்சுது.”

“நீ ஒரு பூஜ்யம் போட்டா விரல் தேஞ்சிடுமா?”

மூன்று வாரம் கேட்டான். பிறகு பேசுவதையே நிறுத்திவிட்டோம். ஒரு வியாழக்கிழமை, அலுவலக மாடிப்படியில் மாரடைப்பில் போய்விட்டான்.

இரண்டு வாரம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். முதல் காரியமாக அந்த நாலு வரியை எழுதினேன். சோதிக்க அவன் கோப்புகளைத் திறந்தேன். நாற்பத்தொரு கோப்பிலும் ஒவ்வொரு புள்ளிக்கு முன்னாலும் ஒரு பூஜ்யம் இருந்தது. கடைசியாகச் சேமித்தது அவன் பெயரில், நான் வேலைக்குத் திரும்பிய அன்றே காலை ஒன்பது பத்துக்கு. அவன் கணினி எதிர் மேசையில் இணைப்பு பிடுங்கப்பட்டுக் கிடந்தது.

என் நாலு வரிக்கு வேலையே இல்லை.

“நான்தான் எழுதிட்டேனேடா” என்று சொல்லி ஒரு பூஜ்யத்தை அழித்துச் சேமித்தேன். மூடிவிட்டுத் திறந்தேன். பூஜ்யம் அதே இடத்தில் இருந்தது.