அடிபட்ட சுவர்கள்

“அந்த ஜன்னலுக்குக் கீழ ஒரு இடம் விட்டுப் போச்சு பாருங்க,” என்றார் தெருச் சங்கத் தலைவர், நாற்காலியை விட்டு எழாமலேயே.

ஏணியில் நின்றிருந்த கேப்டன் பிரஷ்ஷை டப்பாவில் தோய்த்தாள். வாரம் முழுக்க மருந்துக்கடையில் கால் கடுக்க நிற்கிறவள் அவள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பெயிண்ட்பால் அணிக்குக் கேப்டன். தெருக்கோடி மைதானத்தில் முகமூடி மாட்டிக்கொண்டு, பெயிண்ட் உருண்டை சுடும் துப்பாக்கியோடு மணல் மூட்டைகளுக்குப் பின்னால் ஓடி ஒளிந்து விளையாடுவார்கள். மைதானத்துக்கு வெளியே துப்பாக்கியை உறையிலிருந்து எடுக்கவே கூடாது என்பது அவள் போட்ட சட்டம். அதை மீறிய ஒருவனை அணியை விட்டே அனுப்பியிருக்கிறாள்.

அப்படி இருந்தும் போன மாதம் வினை வந்து சேர்ந்தது. யாரோ வண்டியில் போகிற போக்கில் இந்தத் தெருவில் மூன்று வீடுகளைச் சுட்டுத் தள்ளிவிட்டுப் போனார்கள். சுவர், ஜன்னல், கார், காயப்போட்ட துணி என்று ஒன்று பாக்கியில்லாமல் ஆரஞ்சு நிறம். பொழுது விடிவதற்குள் தலைவர் மைதானத்தை மூடச் சொல்லி ஒரு மனு எழுதி, தெரு முழுக்கக் கையெழுத்தும் வாங்கிவிட்டார்.

வேலை வெட்டி இல்லாமல் ஊர் சுற்றிக்கொண்டிருந்த கேப்டனின் கொழுந்தன் ஒரு மனிதனாக ஆனதே அந்த மைதானத்தை நடத்த ஆரம்பித்த பிறகுதான். அதை மூடினால் அவன் பிழைப்பும் போச்சு, அவனை நம்பிப் பெண் கொடுக்க வந்தவர்களும் போய்விடுவார்கள்.

“நாங்க செய்யலை சார். ஆனா கெட்டது எங்க விளையாட்டோட பேரு,” என்று அன்று தலைவரிடம் போய் நின்றாள். “செஞ்சவங்க பிடிபடற வரைக்கும், எந்த வீட்டுல அடிச்சாலும் நாங்களே வந்து சரி பண்ணித் தர்றோம்.”

அந்த வாக்குக்குப் பிறகுதான் மனு மேஜை இழுப்பறைக்குள் போனது.

கையால் எறிந்தாலே உடைகிற உருண்டைதான், அதன் பெயிண்ட்டும் தண்ணீரில் கரைகிறதுதான். ஆனால் இந்தத் தெருவின் பழைய சுவர்களைத் தேய்த்தால் சுண்ணாம்பும் சேர்ந்து உரிந்தது. உரிந்த இடத்தில் மட்டும் பூசினால் தேமல் மாதிரி இருக்கிறது என்று வீட்டுக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். அதுவும் நியாயம்தான் என்று அணியினர் முழுச் சுவருக்குமே பெயிண்ட் அடித்துக் கொடுத்தார்கள்.

அதன் பிறகு ஒரு வாரம்கூடத் தவறவில்லை. அதே ஆரஞ்சு, வேறு வேறு வீடு. எதிர் வரிசை முடிந்து இந்த வரிசைக்கு வந்து, இன்று தலைவர் வீட்டிலேயே அடி விழுந்திருந்தது.

“அண்ணி, இவனுங்க ரொம்பத் தேறிட்டானுங்க,” என்றான் கீழே ஏணியைப் பிடித்திருந்த கொழுந்தன். “முதல்ல கண்ணு மண்ணு தெரியாம அடிச்சானுங்க. இப்பப் பாருங்க, ஜன்னல்ல ஒரு சொட்டு இல்ல. பூந்தொட்டியில இல்ல. கரெக்டா சுவர்ல மட்டும்.”

“நானும் கவனிச்சேன் தம்பி. நல்லாக் குறி பாக்கத் தெரிஞ்ச ஆளு,” என்றாள் அவள். “ஒழுங்கா நம்ம டீமுக்கு வந்திருந்தா முன்னாடி நிறுத்தியிருப்பேன்.”

“இந்தக் காலத்துப் பசங்களுக்கு மனசாட்சியே இல்லம்மா,” என்று தலைவர் காபியை உறிஞ்சினார். “வெளிர் பச்சையே அடிச்சிடுங்க, வீட்டுல அதான் கேட்டா. அப்படியே பக்கத்துச் சுவரையும் பாத்துடுங்க. நிறம் ஒத்துப் போகலைன்னா நல்லா இருக்காது.”

அந்தச் சுவரையும் முடித்துவிட்டு இறங்கியபோது கேப்டனால் வலது கையைத் தூக்க முடியவில்லை. முகம் தெரியாத அந்தப் பாவிகள் மேல் அவளுக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. இன்னும் நாலு சுவர் என்றால் அணியில் பாதிப் பேர் கழன்றுகொள்வார்கள். அப்புறம் வாக்கும் போய்விடும், மனுவும் வெளியே வந்துவிடும்.

மறுநாள் காலையில் கடை திறப்பதற்கு முன் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள்.

“உட்காருங்கம்மா. என்ன விஷயம்?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“எங்க தெருவுல பெயிண்ட் உருண்டை அடிக்கிறவங்களை எப்படியாவது பிடிச்சுக் கொடுங்க சார். எங்களால முடியல. ஒரு மாசமா ஞாயித்துக்கிழமை விளையாடவே இல்ல, சுவர்தான் அடிச்சிட்டு இருக்கோம்.”

இன்ஸ்பெக்டர் அவளை ஒரு மாதிரி பார்த்தார்.

“அந்த ரெண்டு பேரையும் மூணாவது நாளே பிடிச்சாச்சேம்மா. காலேஜ் பசங்க. அப்பா அம்மாவை வரவழைச்சு, எழுதி வாங்கிட்டு விட்டோம். துப்பாக்கி ரெண்டும் இதோ அலமாரியிலதான் இருக்கு. உங்க சங்கத் தலைவர்தானே வந்து அடையாளம் காட்டினாரு?”

கேப்டன் அலமாரியைப் பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு துப்பாக்கிகளும் தூசி படிந்து கிடந்தன.

“உருண்டை எல்லாம் எங்க சார்?”

“அதுவா, ரெண்டு பை நிறைய இருந்துச்சு. குப்பையில போட்டுடறேன்னு அவர்தான் வாங்கிட்டுப் போனாரு.”