கால் பங்கு அசோலா

"ஏம்மா, நீ பாடம் கேக்க வந்தியா, எனக்குப் பாடம் எடுக்க வந்தியா?"

பயிற்சி தர வந்த ஜெயபிரகாஷ் மைக்கில் கேட்டதும் மண்டபமே சிரித்தது.

திருப்பதியில் மீன் வளர்ப்பவர்களுக்கு ஒருநாள் பயிற்சி. நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத்துத் தமிழ்க்காரர்கள் அறுபது பேர். மாலையில் தரும் சான்றிதழ் இருந்தால்தான் குளத்துக்குக் காற்று விடும் மிஷின் மானியத்தில் கிடைக்கும். போன கோடையில் மூச்சுத் திணறிச் செத்து மிதந்த மீன்களைக் கூடை கூடையாக அள்ளிப் புதைத்த கங்கம்மாள், அதற்காகத்தான் கார்வேட்டிநகரத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்திருந்தாள்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "தண்ணியில மிதந்து வளர்ற அசோலாச் செடியைக் காயவெச்சு மாவாக்குங்க. பாதி அந்த மாவு, பாதி தவிடும் புண்ணாக்கும். மீனுக்கு இதைவிட நல்ல தீனி கிடையாது" என்று அவர் சொன்னதும் எழுந்துவிட்டாள்.

"பாதி போட்டா மீனு வளராது சார். கால் பங்குதானே..."

அவளை உற்றுப் பார்த்த ஜெயபிரகாஷ் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பாடம் எடுக்க வந்தியா என்ற அந்தக் கேள்வியைக் கேட்டார். சிரிப்பு அடங்குமுன் அடுத்த கேள்வி.

"எந்த காலேஜ்ல படிச்சே?"

"அஞ்சாங்கிளாசு சார்."

"நான் டாக்டரேட்."

"எங்க குளத்துல பாதி போட்டுப் பாத்தேன் சார். அப்ப ஆபீசுலேர்ந்து யாரோ வந்து போட்டோகூட எடுத்துக்கினு போனாங்க. மூணு மாசம் மீனு அப்டியே நின்னுபோச்சு. கால் பங்குக்குக் கொறைச்சப்புறம்தான் நல்லா துன்னுச்சு. இவுங்கல்லாம் ஊருக்குப் போயி நீங்க சொன்னாப்பல போட்டுக்கினு, மீனு தேறலன்னா..."

"அசோலா டாக்டரம்மா, உக்காரு! பிரியாணி ஆறுது" என்றது பின்வரிசைக் குரல் ஒன்று. மறுபடியும் சிரிப்பு.

ஜெயபிரகாஷ் பதிவேட்டைப் புரட்டினார். "கங்கம்மாளா? அந்தப் பேரை அடிச்சிடுங்க. சர்ட்டிபிகேட் கிடையாது. வெளியே போகலாம்."

"சார், மிஷின் இல்லன்னா இந்தக் கோடைக்கும் மீனு செத்துடும் சார்."

"போம்மா!"

பக்கத்தில் இருந்த சிவசங்கரி, அவள் ஊர்க்காரி, புடவையைப் பிடித்து இழுத்தாள். "நமக்கு எதுக்குக்கா வம்பு? ஒரு சாரி சொல்லிடு."

"சாரி சொன்னா கால் பாதியா ஆயிடுமாடி?"

பையை எடுத்துக்கொண்டு கங்கம்மாள் நடந்தாள். சிலர் கேலியாகக் கைகூடத் தட்டினார்கள்.

வாசல் கதவைச் சாத்துகிற வரை ஜெயபிரகாஷ் காத்திருந்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"படிக்காதவங்களோட இதான் தொல்லை. மூணு வருஷம் வெயில்ல நின்னு நானே கண்டுபிடிச்ச முறை இது. போட்டோ காட்டறேன், பாருங்க."

விளக்குகள் அணைந்தன. திரையில் ஒரு குளம். கரையில் ஒரு பெண் கையை நீட்டித் தீனி தூவிக்கொண்டிருந்தாள். கழுத்துக்கு மேலே படம் இல்லை, கத்தரித்திருந்தார்கள்.

அந்த முன்கையில் தெலுங்கு எழுத்தில் பச்சை குத்தியிருந்த பெயரை முன்வரிசையில் ஒருவர் எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார்.

"கங்கம்மாள்."